பச்சை வயர்

ஜனவரி 12

அன்புள்ள கம்பிக்கு,

அக்கா எழுதுறேன். நானும் மாமாவும் சௌக்கியம். என் முதுகு மட்டும் அப்பப்போ முனகும், அதை விடு. நீ எந்தக் கடல்ல மிதந்துக்கிட்டிருக்கியோ, வேளைக்குச் சாப்பிடு. போன போட்டோவுல உன் கழுத்தெலும்பு உனக்கு முன்னாடி வந்து நிக்குது.

ஒரு யோசனை கேக்கணும். என் பழைய கீபோர்டு கண்ணை மூடிடுச்சு. நடுவுல மூணு கட்டை ஊமை, மேல ரெண்டு கட்டை தொட்டா நிறுத்தாம அழுது. இனிமே ரிப்பேர் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். ரெண்டு இடத்துல பார்த்து வச்சிருக்கேன்.

ஒண்ணு, கடைத்தெருவுல புதுசு. அறுபத்தொரு கட்டை, நூறு தாளம். ஒரு பட்டனை அமுக்கினா அதுவே வாசிக்குது. கடைக்காரர் அதைத்தான் பெருமையா காட்டினார். "அப்போ நான் எதுக்குங்க?"ன்னு கேட்டேன், சிரிக்கவே இல்லை.

இன்னொண்ணு பழசு. எங்க கண்ணாடிக்கடைக்கு லென்ஸ் மாத்த வர்ற தாடிக்காரர் ஒருத்தர் ஒரு இசைக்குழு வச்சிருந்தார். குழு கலைஞ்சிடுச்சு, வீட்டுல சாமான் அடைஞ்சு கிடக்கு. எழுபத்தாறு கட்டை, கனமான இரும்பு உடம்பு. மெல்லத் தொட்டா மெல்லப் பேசுது, அழுத்தினா அதட்டுது. கூடவே ஒரு ஆம்ப்ளிஃபயர் பெட்டி தர்றார், சின்ன அலமாரி உயரம் இருக்கும். எனக்கு மனசு அதுல போய் விழுந்துடுச்சு. ஆனா பழசு, பயமா இருக்கு. பகல் முழுக்க லென்ஸ் தேய்க்கிற மெஷின் காதுக்குள்ள கிறீச்சிட்டே இருக்கு. சாயங்காலம் அரைமணி நேரம் மெத்துனு ஒரு சத்தம் கேக்கணும், அவ்வளவுதான் ஆசை.

நீதான் கரண்ட்டோட குடும்பம் நடத்துறவன். எதை வாங்கட்டும்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா

மாப்பிள்ளை, சீக்கிரம் பதில் போடு. உங்க அக்கா சாப்பாட்டு மேஜையில விரல் ஓட்டிக்கிட்டு இருக்கா. தட்டு ஆடுது. - மாமா


பிப்ரவரி 2

அன்பு அக்காவுக்கு,

தம்பி வணக்கம். நான் நல்லா இருக்கேன். கழுத்தெலும்பு பிறவியிலேயே அப்படி. முதுகுக்கு டாக்டரைப் பாரு, முனகலை நீயே மொழிபெயர்த்துக்கிட்டு இருக்காதே.

பழசையே எடு. தானா வாசிக்கிற பெட்டி ரெண்டு வாரத்துல அலுத்துடும். ஆனா கண்ணை மூடிக்கிட்டு வாங்காதே. ஒவ்வொரு கட்டையா, இடமிருந்து வலம், முதல்ல மெல்ல, அப்புறம் அழுத்தி. எழுபத்தாறையும் பாரு, தாடிக்காரர் கொட்டாவி விட்டாலும் பரவாயில்லை. சத்தம் கூட்டுற திருகைத் திருப்பும்போது கரகரன்னா தூசிதான், பயப்படாதே. ஆம்ப்ளிஃபயரை அரைமணி நேரம் ஓடவிட்டு பின்பக்கம் மோந்து பாரு. கருகின வாடை வந்தா அப்படியே வணக்கம் சொல்லிட்டு வந்துடு.

இங்க எங்க கப்பல்லயும் ஒரு கச்சேரி கோஷ்டி இருக்கு. சமையல்காரர் கிட்டார், ரேடியோ ஆபீசர் டிரம்ஸ். ரெண்டு பேரும் வேற வேற பாட்டு வாசிக்கிறாங்கன்னு ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அவங்க வயரெல்லாம் சரிபண்ற வேலை எனக்கு.

மாமா, மேஜைக்கு நாலு கால், அக்காவுக்குப் பத்து விரல். மேஜைதான் தோக்கும். சீக்கிரம் வாங்கிக் கொடுத்துடுங்க.

அன்புடன்,
கம்பி


பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

நாங்க சுகம். முதுகும் சுகம், டாக்டர் ஒரு தலையணையைக் குறைக்கச் சொன்னார், அவ்வளவுதான். நீ எப்படி?

வாங்கிட்டேன்! எழுபத்தாறையும் தட்டிப் பார்த்தேன். தாடிக்காரர் ரெண்டு கொட்டாவி விட்டார். வாடை எதுவும் இல்லை. மாமாவும் அவர் பஸ் டிப்போ கண்டக்டர் ஒருத்தரும் மாடிப்படியில தூக்கிட்டு வந்தாங்க. பின்னறையில ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கேன்.

ஆனா ஒரு தொல்லை. ஆம்ப்ளிஃபயரைப் போட்ட உடனே "ங்ங்ங்..."னு ஒரு இரைச்சல். தேனீக்கூட்டை உள்ள அடைச்சு வச்ச மாதிரி. நான் வாசிச்சாலும் இருக்கு, வாசிக்கலைன்னாலும் இருக்கு. மெதுவான பாட்டு எல்லாம் அதுல மூழ்கிப்போகுது. மெஷின் சத்தத்துல இருந்து தப்பிச்சு வந்து இன்னொரு மெஷின் சத்தத்துல உக்காந்திருக்கேன். வெறுப்பா இருக்குடா.

வயரை மாத்திப் பார்த்தேன். ட்யூப்லைட்டை அணைச்சுப் பார்த்தேன். பெட்டியை அறையோட அந்த மூலைக்கு இழுத்துப் பார்த்தேன். கீபோர்டு வயரை உருவினா பாதி குறையுது, சொருகினா முழுசா வருது. தாடிக்காரரைக் கேட்டா, "மேடையில கூட்டத்தோட சத்தத்துல அதெல்லாம் கேக்காதும்மா"ங்கிறார். எனக்குக் கூட்டத்துக்கு எங்க போறது?

அடுத்த மாசம் எங்க முதலாளியம்மா ஓய்வு பெறுறாங்க. கடையில என்னை வாசிக்கச் சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள வழி சொல்லு.

அன்புடன்,
அக்கா

மாப்பிள்ளை, எனக்கு அந்த இரைச்சல் பிடிச்சிருக்கு. பஸ் எஞ்சின் மாதிரியே இருக்கு, நல்லா தூக்கம் வருது. இதைச் சொன்னதுக்கு அடி வாங்கினேன். - மாமா


மார்ச் 9

அக்கா,

சுகம்தானே? நானும் சுகம். இறங்கி ஓடி வந்து தபாலாபீஸ்ல நின்னுக்கிட்டே எழுதுறேன், பத்து நிமிஷத்துல படகு கிளம்பிடும். அதனால நேரா விஷயம்.

உன் இரைச்சல் எனக்குப் பழைய சிநேகிதன். எர்த் சுத்திச் சுத்தி வர்றதால வர்ற சத்தம். ஆம்ப்ளிஃபயர் பிளக்கைத் திற. உள்ள மூணு வயர் இருக்கும். பச்சையை மட்டும் கழட்டி, நுனியில டேப் சுத்தி உள்ளேயே மடக்கி வச்சு மூடிடு. மத்த ரெண்டையும் தொடாதே. சமையல்காரரோட கிட்டார் பெட்டிக்கும் இதேதான் பண்ணேன், இப்போ பூனை நடந்தா கேக்குது.

இரைச்சல் போகலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்.

படகு ஊதிட்டான்.
கம்பி


மார்ச் 28

என் தங்கக் கம்பிக்கு,

சுகமா இருக்கியா? நான் சுகத்துக்கும் மேல.

பேரை மாத்த வேண்டாம்! திருப்புளியை எடுத்து நானே திறந்தேன். மாமா பக்கத்துல நின்னு, "பச்சைன்னா பச்சைதானே, பச்சை மாதிரி நீலம் இல்லையே"ன்னு பத்து தடவை கேட்டார். டேப் சுத்தினேன், மூடினேன், சுவிட்சைப் போட்டேன். ஒரு சத்தமும் இல்லை. பெட்டி வேலை செய்யலையோன்னு நினைச்சு ஒரு கட்டையைத் தொட்டேன். அடடா, அந்த ஒரு சத்தம் அறை முழுக்க நின்னு, மெல்லக் கரைஞ்சு, அது எங்க முடிஞ்சுதுன்னே தெரியலை. மாமா கூட வாயைத் திறக்கலை, பார்த்துக்கோ.

கடையில வாசிச்சேன். முதலாளியம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. எங்க கடையில கண்ணாடி துடைக்கிறது புதுசு இல்லை, ஆனா இது வேற.

இப்போ தினமும் ரெண்டு மணி நேரம் வாசிக்கிறேன். எல்லாம் உன்னால.

ஒரு சின்ன விஷயம். தரை துடைச்ச ஈரத்துல வெறுங்காலோட நின்னு சத்தம் கூட்டுற திருகைத் தொட்டா விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி சுருசுருங்குது. மாமா, "குளிருக்கு கம்பளிச் சட்டை போட்டா எல்லாருக்கும்தான் சுருக்குங்கும்"னு சிரிக்கிறார். இது சாதாரணம்தானே?

ஆசையுடன்,
அக்கா

மாப்பிள்ளை, நீ வந்தா உன்னை டிப்போவுக்கே எலக்ட்ரீசியனா போட்டுடலாம். - மாமா


மே 11

அக்கா,

இதைப் படிச்ச உடனே, படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே, போய் ஆம்ப்ளிஃபயர் பிளக்கை உருவிடு. சுவிட்சை அணைக்கிறது போதாது. உருவு. ரப்பர் செருப்பு போட்டுக்கோ. பெட்டியையோ கீபோர்டையோ தொடாம, பிளக்கை மட்டும் பிடிச்சு உருவு. உருவிட்டு வந்து மீதியைப் படி.

உன் மார்ச் மாசக் கடிதம் நேத்துதான் கைக்கு வந்துச்சு. துறைமுகத்துல இடம் இல்லைன்னு எங்களை அஞ்சு வாரம் வெளிக்கடல்ல நங்கூரம் போட்டு நிறுத்திட்டாங்க. தபால் மூட்டை கரையிலேயே கிடந்திருக்கு. எறும்புங்கிற வார்த்தையைப் படிச்சதும் கடிதத்தைக் கையில வச்சுக்கிட்டே எழுந்தேன். ரேடியோ அறைக்கு ஓடி ஒரு தந்தி கொடுத்தேன். கிடைச்சிருக்கும்னு நம்புறேன்.

அது எறும்பு இல்லைக்கா. கரண்ட். உன் பெட்டிக்குள்ள எங்கேயோ கரண்ட் இரும்பு உடம்புல கசியுது. முன்னாடி அது பச்சை வயர் வழியா பூமிக்குப் போச்சு. வயரைக் கழட்டினதும் போக வழி இல்லாம பெட்டி மேலேயே உக்காந்திருக்கு. கீபோர்டுக்குப் போற வயர் வழியா கீபோர்டோட இரும்பு உடம்புலயும். எவனாவது தொட்டா அவன் வழியா இறங்கும்.

கப்பல்ல அதைப் பண்ணி ஒண்ணும் ஆகலை. ஏன்னா கப்பல் கரண்ட் கப்பலோட உடம்போட ஒட்டாம தனியா ஓடும். வீட்டுல அப்படி இல்லை. எனக்கு இது தெரியும். பதினாலு வருஷமா தெரியும். தெரிஞ்சும் படகு ஊதுதுன்னு அவசரத்துல எழுதினேன். இரைச்சலை நிறுத்தணும்னு மட்டும் நினைச்சேன். நீ எங்க நிப்பே, எதைத் தொடுவேன்னு நினைக்கவே இல்லை.

ஒரே ஒரு வரி எழுது. "உருவிட்டேன்"னு.

கம்பி


மே 30

தம்பிக்கு,

நலம். உங்கள் தந்தியும் கடிதமும் கிடைத்தன. அந்தப் பெட்டி இப்போது உபயோகத்தில் இல்லை. பிளக் உருவியாகிவிட்டது. கவலை வேண்டாம்.

உங்கள் அக்காவுக்குக் கையில் சுளுக்கு. அதனால் நான் எழுதுகிறேன். உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
அக்கா வீட்டுக்காரர்


ஜூன் 17

அக்காவுக்கு,

நான் சுகமா இருக்கேன்னு எழுதினா பொய்.

மாமா கடிதத்தை இருபது தடவை படிச்சுட்டேன். மாமா எனக்கு "மாப்பிள்ளை"ன்னு எழுதலை. "நீ"ன்னு எழுதலை. "உங்கள் தந்தி"யாம். கோர்ட்டுல இருந்து வந்த காகிதம் மாதிரி இருக்கு. உன் கல்யாணத்தன்னைக்கு என் தலையில தட்டி, "டேய் மாப்பிள்ளை, என் செருப்பு எங்கடா"ன்னு கேட்ட மனுஷன். ஒரு நக்கல் கூட இல்லாம மாமாவால நாலு வரி எழுத முடியுமா?

எந்தக் கையில சுளுக்கு? எப்படி வந்துச்சு? எப்போ வந்துச்சு? வலது கைன்னா இடது கையால ஒரு கோடு போடு, போதும். கோணல்மாணலா உன் கையால ஒரு கோடு.

இங்க சமையல்காரர் ஒரு கதை சொன்னார். கதை இல்லை, அவருக்கே நடந்தது. அவங்க அம்மா செத்து அஞ்சு மாசம் வரைக்கும் வீட்டுல இருந்து கடிதம் வந்துக்கிட்டே இருந்துச்சாம். "அம்மா நல்லா இருக்காங்க, மூட்டு வலி, அதனால நான் எழுதுறேன்"னு அண்ணன் எழுதியிருக்கார். நடுக்கடல்ல இருக்கிறவன்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு நினைச்சாங்களாம். இவர் அம்மாவுக்குப் புடவை வாங்கிட்டுப் போய் இறங்கியிருக்கார்.

இதை ஏன் என்கிட்ட சொன்னீங்கன்னு அவர்கிட்ட சண்டை போட்டேன். பாவம், அவர் என்ன பண்ணுவார்.

நான் இப்போ தூங்குற நேரம் போக மத்த நேரமெல்லாம் கப்பல்ல ஒவ்வொரு மெஷினா எர்த் பார்த்துக்கிட்டு இருக்கேன். சமையல்காரரோட கிட்டார் பெட்டியையும் பிரிச்சுப் பழையபடி ஆக்கிட்டேன். துணி துவைக்கிற மெஷினை மூணு தடவை பார்த்தேன். சீஃப் இன்ஜினியர், "உனக்கு என்னய்யா ஆச்சு?"ன்னார். நான் அடுத்த மெஷினுக்குப் போனேன்.

ஒரு கோடு, அக்கா.

கம்பி


ஜூலை 25

மாமாவுக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் உங்களுக்குத்தான்.

ரெண்டு துறைமுகம் போயாச்சு. ரெண்டு இடத்துலயும் எல்லாருக்கும் தபால் வந்துச்சு. எனக்கு மட்டும் இல்லை. ரெண்டாவது இடத்துல ஏஜென்ட் மூட்டையைக் கவுத்துக் காட்டினார், என் முகத்தைப் பார்த்துட்டு.

போன் பேச வரிசையில நின்னேன். நீங்க வேலை செய்யுற டிப்போ நம்பர் என்கிட்ட இருக்கு. என் முறை வந்துச்சு. நம்பரைச் சுத்தினேன். மணி அடிச்சுது. யாரோ எடுத்து "ஹலோ, டிப்போ"ன்னார். நான் வச்சுட்டேன் மாமா. அவர் "ஐயோ, அந்த டிரைவரோட சம்சாரமா?"ன்னு ஆரம்பிச்சுட்டா என்ன பண்றதுன்னு வச்சுட்டேன். பின்னாடி நின்னவன், "முடிஞ்சுதா?"ன்னு கேட்டான்.

நான் கோழைதான். ஆனா காகிதத்துல கேக்கிறேன். காகிதத்துலன்னா உக்காந்து படிச்சுக்கலாம்.

அக்கா உயிரோட இருக்காளா?

இருக்கா, இல்லை. இந்த ரெண்டுல ஒண்ணை மட்டும் எழுதுங்க. "நலம்"னு மட்டும் எழுதாதீங்க. என்னை என்ன வேணும்னாலும் திட்டுங்க, "நீங்க"ன்னு மட்டும் எழுதாதீங்க.

கம்பி


ஆகஸ்ட் 12

இருக்கா.

முதல்ல அதைப் படிச்சுக்கோ. உங்க அக்கா உயிரோட இருக்கா. பக்கத்து அறையில சட்டைக்குப் பட்டன் போட முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கா. நான் போட்டு விடுறேன்னா விடமாட்டேங்கிறா.

இப்போ மீதியைக் கேளு. நீ கேட்டே, நான் சொல்றேன்.

ஏப்ரல் 19, அவளுக்குக் கடை லீவு. உன் தந்தி வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடி. எனக்குக் காலை ஷிஃப்ட், ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். படியேறும்போதே ஒரே ஒரு சத்தம் விடாம கேட்டுக்கிட்டு இருந்துச்சு, கீபோர்டுல ஒரு கட்டை அமுங்கியபடியே இருந்தா எப்படி இருக்கும், அப்படி. என்னடி புதுப் பாட்டுன்னு கேட்டுக்கிட்டே உள்ள போனேன். தரை துடைச்ச ஈரம் காயலை. இடது கை ஜன்னல் கம்பியில. வலது கை கீபோர்டோட இரும்புல. உடம்பு விறைச்சு நிக்குது. கண் திறந்திருக்கு, என்னைப் பார்க்கலை.

நான் அவளைத் தொடப் போனேன். தொட்டிருந்தா உனக்கு எழுத ஆள் இருந்திருக்காது. டிப்போவுல ஒருத்தன் அப்படிப் போனதை நேர்ல பார்த்தவன் நான். அது எப்படியோ ஞாபகம் வந்து, ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைச்சேன். மெயினுக்கும் அந்த அறைக்கும் எட்டு அடி. அந்த எட்டு அடி நான் ஓட்டின எந்த ரோட்டை விடவும் நீளம்டா.

விழுந்தா. தோள் இறங்கிப்போச்சு. மூச்சு இல்லை. கீழ்வீட்டு நர்ஸம்மா ஓடி வந்து நெஞ்சை அமுக்கினாங்க. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. வலது கையில மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ள கருகியிருக்கு, இனி மடங்காதுன்னுட்டாங்க.

கண் முழிச்சதும் அவ முதல்ல பேசினது என்னைப் பத்தி இல்லை. "தம்பிக்கு எழுதிடாதீங்க. அவன் கடல்ல இருக்கான். கேட்டா குதிச்சிடுவான்." சத்தியம் வாங்கினா. உன் தந்தி வந்தப்போ அதை அவகிட்ட படிச்சேன். "ஆம்ப்ளிஃபயர் தொடாதே பிளக் உருவு." அவ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா.

அவ கேட்டதுக்காக மட்டும் நான் பேசாம இருக்கலை. எழுத உக்காந்தா பேனா உன்னைக் குத்தத்தான் போச்சு. பதினாலு வருஷம் கரண்ட் வேலை பார்க்கிறவன், பத்து நிமிஷத்துல, நின்னுக்கிட்டே, என் பெண்டாட்டி உயிரை எழுதிப் போட்டுட்டுப் போயிட்டான்னு இருந்துச்சு. இப்பவும் இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா இன்னொண்ணும் இருக்கு. அதை யார்கிட்டயும் சொல்லலை. எறும்பு ஊருதுன்னு அவ என்கிட்டதான் முதல்ல சொன்னா. உன்கிட்ட இல்லை. நீ ஆயிரம் மைல் தள்ளி இருந்தே, நான் ஒரு கை தூரத்துல இருந்தேன். கம்பளிச் சட்டைன்னு சிரிச்சேன். பஸ்ல ஸ்டீயரிங் லேசா உதறினா வண்டியை ஓரம் கட்டிடுவேன், ஒரு பயணி முனகினாலும் இறங்கிப் பார்ப்பேன். என் வீட்டுல எறும்புன்னதும் சிரிச்சேன். உன்னைத் திட்டும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு என் காதுல கேக்குது. அதனாலதான் இன்னும் சத்தமா திட்டுறேன் போல.

இவ்வளவுதான். இதை எழுதினது அவளுக்குத் தெரியாது.

மாமா


செப்டம்பர் 3

மாமாவுக்கும் அக்காவுக்கும்,

"இருக்கா"ன்னு படிச்சேன். அந்த ஒரு வார்த்தைக்கு மேல அன்னைக்குப் படிக்க முடியலை. மறுநாள்தான் மீதியைப் படிச்சேன். சமையல்காரர் பக்கத்துல உக்காந்திருந்தார்.

மன்னிச்சுடுங்கன்னு எழுதினேன், கிழிச்சேன். திரும்ப எழுதினேன், கிழிச்சேன். கருகின விரலுக்கு அந்த வார்த்தை என்ன பண்ணும்?

அக்டோபர் கடைசியில எனக்கு ஒப்பந்தம் முடியுது. இன்னொரு வருஷம் நீட்டிக்கச் சொல்லி கேப்டன்கிட்ட எழுதிக் கொடுத்துட்டேன். நல்ல வேலை, ஆள் குறைவு, அது இதுன்னு என்னென்னவோ காரணம் எழுதினேன். உங்ககிட்ட ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு, அந்த அறைக்குள்ள காலை வைக்க எனக்கு தைரியம் இல்லை. அக்கா கையைப் பார்க்க தைரியம் இல்லை. மாமா கதவைத் திறந்தா எங்க பார்க்கிறதுன்னு தெரியலை.

அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுடுங்க. கீபோர்டையும். யார்கிட்டயும் கொடுக்காதீங்க, உடைச்சுப் போடுங்க.

கம்பி


அக்டோபர் 1

கம்பிக்கு,

அக்கா. இடது கையால எழுதுறேன். கோழி கிறுக்கினது மாதிரி இருக்கும், பொறுத்துக்கோ. ஒரு வரிக்கு அஞ்சு நிமிஷம் ஆகுது. மூணு நாளா எழுதுறேன்.

நல்லா இருக்கேன். தோள் சரியாச்சு. லென்ஸ் தேய்க்க முடியாது. கடையில கண் பரிசோதிக்க வர்றவங்களை உக்கார வைக்கிற வேலை கொடுத்திருக்காங்க. எழுத்துப் பலகையைக் காட்டி "இது தெரியுதா?"ன்னு கேட்கிறேன். மெஷின் சத்தம் இல்லை.

மாமா எழுதினது எனக்குத் தெரியும். உன் பதிலைத் தலையணைக்கடியில வச்சா தெரியாதா? அவர் தன் பங்கைச் சொன்னார், நீ உன் பங்கைச் சொன்னே. என் பங்கை யாருமே கேக்கலை.

உனக்கு எறும்புன்னு எழுதின பிறகு ரெண்டு தடவை நல்லாவே அடிச்சுது. ரெண்டாவது தடவை ஸ்டூலோட பின்னாடி சாஞ்சேன். அன்னைக்கே உருவியிருக்கணும். உருவலை. உருவினா பச்சை வயரைத் திரும்ப மாட்டச் சொல்வீங்க, அந்த இரைச்சல் திரும்ப வந்துடும்னு பயந்தேன். செருப்பு போட்டுக்கிட்டு வாசிச்சேன். மாமாகிட்ட சொல்லலை. மாமா பார்த்த அன்னைக்கு ஈரத்துல செருப்பு வழுக்குச்சு, கழட்டி வச்சேன். ஜன்னலைச் சாத்தக் கை நீட்டினேன். அவ்வளவுதான். இதை நேத்து வரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்லலை. நேத்து மாமாகிட்ட சொன்னேன். "நாம மூணு பேரும் சேர்ந்துதான் வண்டியைக் கவுத்திருக்கோம்"னார்.

கீபோர்டை உடைக்கலை. அது என்ன பாவம் பண்ணுச்சு? பெட்டியை மட்டும் கழிச்சாச்சு. ஒரு ரிப்பேர்க்காரர் வந்தார். வீட்டுக்குப் புதுசா எர்த் போட்டார். கசிஞ்சா தானா விழுற ஒரு சுவிட்சும் மாட்டினார். கீபோர்டைத் தனியா சோதிச்சார். ஹெட்போன்ல கேளுங்கம்மான்னார்.

போன ஞாயித்துக்கிழமை உக்காந்தேன். மாமா மெயின் சுவிட்ச் பக்கத்துல போய் நின்னார், கையை அதுமேல வச்சுக்கிட்டு. "தானா விழும்னு சொன்னாங்களே"ன்னேன். "சொன்னாங்க"ன்னார், கையை எடுக்கலை. எனக்கு விரல் இறங்கலைடா. கட்டைக்கு மேலயே நிக்குது. பத்து நிமிஷம் அப்படியே இருந்தேன். அவரும் அப்படியே நின்னார். அப்புறம் இடது கையால ஒண்ணு. வலது கையில மூணு விரல். ஹெட்போன்ல எனக்கு மட்டும்தான் கேக்குது. அவருக்கு ஒண்ணும் கேட்டிருக்காது. கட்டை தட்டுற சத்தம்தான். நாலு நிமிஷம் வாசிச்சு நிமிர்ந்தா அவர் சட்டை முதுகோட ஒட்டியிருக்கு.

எனக்கு இன்னும் பயம்தான். சுவிட்ச் போடும்போது கண்ணை மூடிக்கிறேன். அவருக்கும் பயம், உனக்கும் பயம். ஆளுக்கொரு மூலையில உக்காந்து எத்தனை நாள் பயப்படுறது? நீட்டிக்கச் சொல்லி எழுதினதைத் திரும்ப வாங்கிடு. கை எப்படி இருக்குன்னு நேர்ல வந்து பாரு. அழணும்னா இங்க வந்து அழு.

மாமா உன்னை மன்னிச்சுட்டாரான்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் மாட்டேன். ஆனா இன்னைக்குக் காலையில, யூனிஃபார்ம் போட்டுக்கிட்டே, வேற எங்கேயோ பார்த்துக்கிட்டு, உன் கப்பல் என்னைக்குக் கரைக்கு வருதுன்னு கேட்டார். "எதுக்கு?"ன்னேன். ஷிஃப்ட் மாத்தணும்னா பதினஞ்சு நாள் முன்னாடியே எழுதிக் கொடுக்கணுமாம்.

தேதியை எழுது.

அக்கா